அடுப்புக்கு மூச்சு முட்டுதாம்

டென்மார்க்கில, கிரின்ஸ்டெட் குளிர் தெரியும்தானே. மரத்தூள் கட்டி போட்டு வீட்டைச் சூடாக்கிற எங்கட பெல்லட் அடுப்பு ரெண்டு கிழமையா பின்னேரத்தில தன்ரபாட்டில நூந்துபோகுது. கண்ணாடி முழுக்கக் கரி. சாம்பல் அள்ளினன், வேற பெல்லட் வாங்கிப் போட்டன், ஒண்டும் சரிவரேல்ல.

இண்டைக்குப் புகைபோக்கி துடைக்கிற டெனிஷ்காரர் வந்தார். குழாயைப் பாத்திட்டு, அதில பிழையில்லை எண்டார்.

அந்த நேரம் பாத்து மனிசி மீன் பொரிக்கத் தொடங்கினா. பிள்ளையளின்ர ஜாக்கெட்டில மணம் ஏறக்கூடாதெண்டு, குசினிப் புகை இழுக்கிற மெசினை முழு வேகத்தில விட்டா.

அடுப்பில நெருப்பு அப்பிடியே சோர்ந்துபோச்சு.

டெனிஷ்காரர் சிரிச்சார். "அந்த மெசின் வீட்டுக்காத்தை எல்லாம் இழுக்குது. அடுப்புக்கு மூச்சு முட்டுது. சுவரில வெளிக்காத்து வாற ஓட்டைக்குள்ள என்ன துணி?"

"என்ர பழைய சாரம்" எண்டன். "குளிருது."

"அதை எடுங்கோ. பொரிக்கேக்க யன்னலையும் திறவுங்கோ."

"யன்னலைப் பூட்டு, சூடு போகுது" எண்டு முப்பது வருசமா பிள்ளையளோட கத்தினவன் நான்.

இப்ப யன்னல் திறந்திருக்கு. அடுப்பு வடிவா எரியுது. நாங்கள் ஜாக்கெட்டோட இருந்து மீன் சாப்பிடுறம்.

விளங்கின ஆராவது சொல்லுங்கோ: இந்த அடுப்பை வாங்கினது ஆருக்குக் குளிருதெண்டு?