தறிக்குழி யாருக்கு?

அறுபதுகளின் கடைசியில் நான் பட்டு நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை அனுப்பினேன். பாதி திரும்பி வரும். தபால்காரர் உறையின் பருமனைப் பார்த்தே எனக்குத் துக்கம் விசாரித்துவிடுவார். இருந்தாலும் எழுதத் தெரிந்தவன் என்று தெருவில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் எதிர் வீட்டு நெசவாளர் ஒரு நாள் சாயங்காலம் வந்து, தனக்கு உயில் எழுதித் தர வேண்டும் என்றார்.

அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்கள் மெட்ராசில் வேலையில் இருந்தார்கள். இளையவளான மகள், கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வந்த மறுவாரம் தகப்பனாரின் தறியில் உட்கார்ந்தாள். கிழவருக்குக் கண் மங்கிய பிறகு அந்த வீட்டில் நெய்கிறவள் அவள் ஒருத்திதான். அண்ணன்கள் தீபாவளிக்கு வரும்போதெல்லாம், நைனா காலத்துக்குப் பிறகு வீட்டை விற்றுவிடலாம், தங்கச்சி எங்களோடு வந்து இருக்கட்டும் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அன்புக்குள் அவள் சமைக்க வேண்டிய இரண்டு சமையலறைகள் இருந்தன. கிழவருக்கு அது தெரியும்.

"வூடு பசங்களுக்கு. தறி அவளுக்கு. அவ்ளோதான் வாத்தியாரே," என்றார்.

இரண்டு வரி. நான் நான்கு பக்கம் எழுதினேன். நூலகத்திலிருந்து சட்டப் புத்தகம் எடுத்து வந்து, உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும் என்று கண்டறிந்து, அதை அவரிடம் மூன்று முறை சொன்னேன். நிலையாமையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நான்கெல்லை குறிப்பிடும்போது, வடக்கு எல்லையிலிருந்த வேப்பமரத்துக்கு மட்டும் ஏழு வரி ஆகிவிட்டது. தறியையும் விடவில்லை. படமரம், விழுது, அச்சு, நாடா, மிதிகட்டை என்று கழற்றக்கூடிய எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டேன். நானும் சாயப்பட்டறைக்காரர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். சாயக்காரர் கையெழுத்துக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, ஒரு சிவப்புக் கட்டைவிரல் ரேகையும் விழுந்தது.

எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. பெட்டிச் சாவி மகளிடம் இருந்தது. காலம் வரும்வரை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று கிழவர் நினைத்தார். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என் மேஜையில் குவிந்திருந்த காகிதங்களை ஒருமுறை பார்த்தார், உயிலைத் தானே எடுத்துக்கொண்டார்.

புடவையில் உருவம் விழுவதற்கு, துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே ஓட்டுவார்கள். வேலை முடிந்த அட்டைகளைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவது வழக்கம். அப்படித் தொங்கிய கட்டுகளில் ஒன்று பூக்கூடை உருவத்துக்கானது. கடைக்காரர்கள் அதைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. அந்தக் கட்டின் நடுவே உயிலை மடித்துச் செருகினார்.

"இத்த இனிமே எவன் கேக்கப் போறான்," என்றார்.

நெசவாளருக்கு மட்டுமே தோன்றக்கூடிய மறைவிடம். வாய் விட்டு மெச்சினேன். அதில் ஒரே ஒரு குறை: அதிலிருந்து ஏழாம் மாதம் யாரோ ஒரு கல்யாணப் பெண், தன் அம்மா கட்டிய அதே பூக்கூடைதான் வேண்டும் என்று கடையில் பிடிவாதம் பிடித்தாள்.

கோடை விடுமுறை. ஒரு நாள் காலையில் மகள் என் வாசலில் வந்து நின்றாள், கையில் அட்டைக் கட்டை அவிழ்த்தபோது விழுந்த நான்கு பக்கம். வாங்கண்ணா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவர்கள் கூடத்தில் கிழவர் வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைப் போல உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"படிச்சேண்ணா. வேப்பமரம் நல்லா இருக்குது," என்றாள்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"குழி யாருக்கு?"

எங்கள் ஊர்த் தறி குழித்தறி. கூடத்துத் தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். என் உயிலின்படி தறி அவளுடையது. ஆனால் குழி தரையில் இருந்தது, தரை வீட்டில் இருந்தது, வீடு அண்ணன்களுடையது. அவர்கள் என் பட்டியலைப் பார்த்து ஒரு சாமான் விடாமல் கழற்றி அவள் கையில் கொடுத்து, வாசலில் நிறுத்திவிடலாம். பட்டியல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

வேறு இடத்தில் குழி வெட்டிக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"எங்க, பெரியண்ணன் வூட்லயா? அது ரெண்டாவது மாடிண்ணா."

"தறின்னா எல்லாம் சேத்துத்தாம்மா நான் சொன்னேன்," என்றார் கிழவர்.

பொய்யில்லை. ஐம்பது வருஷம் அந்தக் குழியில் கால் வைத்திருந்தவருக்குத் தறி வேறு, குழி வேறு என்று தோன்ற நியாயமில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் வேப்பமரத்தில் இருந்தேன்.

அவள் நிறுத்தவில்லை. குழியைக் கொடுத்தால் குழிக்கு வரும் நடை யாருடையது? தறிக்கு வெளிச்சம் தரும் ஜன்னலை ஒருத்தன் சுவர் வைத்து மறைத்தால் யாரைக் கேட்பது? கிணற்றுத் தண்ணீர்? பாவு நூலை நீட்டுகிற தெருவாசல்? நான் படித்த சட்டப் புத்தகத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் நான் தாண்டிப் போயிருப்பேன்.

"அப்ப பசங்களுக்கு இன்னாமா இருக்குது?" என்று கிழவர் கேட்டார்.

"பின்கட்டுல ரெண்டு ரூமு இருக்குது நைனா. தீபாவளிக்கு வந்து தூங்கறதுக்கு அது போதாதா?"

கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்புங்க வாத்தியாரே, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு. இந்த வாட்டி நீங்க எழுத வேணாம்," என்றார்.

ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் என் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்து, மடித்து, டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். கிழவர் சொல்லச் சொல்ல ஒரே பக்கத்தில் எழுதி முடித்தார். கூடம், குழி, நடை, ஜன்னல், தண்ணீர், வாசல். பதிவும் ஆயிற்று. நான் சாட்சியாக மட்டும் இருந்தேன். அதில் என்னால் தவறு செய்ய முடியவில்லை.

புது உயிலை அவள் மறைக்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு, குழியின் பக்கச் சுவரில், தன் முழங்காலுக்கு நேரே இருந்த மாடத்தில் வைத்தாள். அடுத்த தீபாவளிக்கு வந்த அண்ணன்களிடம் இடத்தையும் சொல்லிவிட்டாளாம். அங்கே ஏன் வைத்தாய் என்று நான் கேட்டேன்.

"வேணும்னா மொதல்ல என்னிய எந்திரிக்கச் சொல்லணும் இல்ல?" என்றாள்.

நாலைந்து வருஷம் கழித்துக் கிழவர் போனார். காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி தறியில் உட்கார்ந்த அன்று, அண்ணன்கள் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். யாரும் சொல்லாமல் அவளே எழுந்தாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். திரும்ப உட்கார்ந்தாள்.

மூத்தவன் அந்த ஒரு பக்கத்தோடு தெருவைத் தாண்டி என்னிடம் வந்தான்.

"இது நீங்க எழுதனதுதான சார்?"

பத்திரிகையில் பெயர் போடாமல் வந்த துணுக்கைக்கூட என்னுடையது என்று சொல்லிக்கொண்டவன் நான். இல்லையப்பா, வெறும் சாட்சி என்றேன். அவன் நம்பாமல், என் எதிரிலேயே நின்று இன்னொரு தரம் படித்தான். எங்கும் ஓட்டை இல்லை. வேப்பமரமும் இல்லை. என் கட்டுரைகளைப் படித்தவன், அதைப் பார்த்த பிறகு நம்பினான் என்று நினைக்கிறேன். தாளை மடித்து என்னிடமே நீட்டி, தங்கச்சியிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒரு கையால் வாங்கி, பார்க்காமலே மாடத்தில் வைத்தாள். காலை மிதிகட்டையிலிருந்து எடுக்கவில்லை.