பந்து பொறுக்குகிறவளும் தூரம் அளக்கும் மிஷினும்

கோல்ஃப் பந்து பொறுக்குவது குனிந்தே செய்கிற வேலை; ஆபத்து மட்டும் தலைக்கு மேலே வரும். இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குச் சந்தேகம்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிஷினைப் பற்றி எதையாவது மாற்றிச் சொல்லி, விவரம் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் முதலாளியும் ஒரு நாள் புது மிஷின் வாங்கியிருப்பார். அது யாருக்கு வசதியாக வந்தது, யார் தலையில் விழுந்தது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

சுசீந்திரம் தாண்டிக் கன்னியாகுமரி போகிற வழியில், நெல் போடாமல் விட்ட வயலில் புல் வளர்த்து, கோல்ஃப் அடித்துப் பழக ஒரு இடம் வைத்திருக்கிறான் தாணு தம்பி. வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன். நாகர்கோவில் டாக்டர்கள், காற்றாலை ஆபீசர்கள், லீவுக்கு வந்த வளைகுடாப் பையன்கள் என்று ஆள் வரத்தான் செய்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அடிக்க முடியும். நான் பந்தைப் பொறுக்கி, கழுவி, காயவைத்து, வாளியில் நிரப்பிக் கொடுப்பேன். முன்பு அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை தல்லி உடைத்துக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு போய்க் கிடக்கிறார். அவரை விட்டு நடந்து போய் வரும் தூரத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தலையணை

ஆரம்பத்தில் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய வலை கட்டியிருந்தோம். பந்து வலையில் மோதிக் கீழே விழும். நான் வலைக்குப் பின்னால் நின்று ஒரு கம்பால் இழுத்து எடுப்பேன். எனக்கு அது சொர்க்கம். அடிக்கிறவர்களுக்குத்தான் குறை. வேகமாக அடித்துவிட்டு, வலை இல்லாவிட்டால் பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். நான் எதைக் கண்டேன். வருத்தம் வேண்டாமே என்று, “அந்தப் பனை வரைக்கும் போயிருக்கும் சார்” என்பேன். எல்லாருக்கும் அதே பனைதான்.

அடிக்கடி வருகிற பல் டாக்டர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மட்டையை உறையில் போட்டுக்கொண்டே தாணுவிடம் சொன்னார்: “பந்து எங்க போச்சுன்னு தெரியாம அடிக்கதுக்கு வீட்டுல தலவாணி கிடக்குல்லா, அத அடிச்சிட்டுப் போறேன் நான்.”

பின்னாலா, பக்கத்திலா

அன்றிலிருந்து தாணு போனும் கையுமாக ஆனான். பந்தின் வேகம், எழும்பும் கோணம், போகும் தூரம் எல்லாம் சொல்லும் மிஷின் இருக்கிறதாம். லாஞ்ச் மானிட்டர் என்று பெயர். பெரிய கிளப்புகளில் வைத்திருப்பதை வாங்க வீட்டை விற்க வேண்டும். நமக்குத் தோதான விலையில் ரெண்டு ஜாதி. ஒன்று பந்துக்குப் பக்கத்தில் வைப்பது. உள்ளே கேமரா, அடிபடுகிற நொடியைப் படம்பிடித்துக் கணக்குப் போடும். வலை அங்கேயே இருக்கலாம். இன்னொன்று பந்துக்குப் பின்னால் வைப்பது. ரேடார், பந்து பறப்பதைப் பார்த்துச் சொல்லும். அது சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் வலையை வயல் கடைசிக்குத் தள்ள வேண்டும். விலை பாதிதான்.

வலை கடைசிக்குப் போனால் பந்து வயல் முழுக்கச் சிதறும். எங்களிடம் பந்து கொஞ்சம். ஒருவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவருக்குப் பொறுக்கியாக வேண்டும். நான் எங்கே நிற்பேன் என்று யோசித்துப் பாருங்கள். கேமராவையே வாங்கச் சொல்லும்படி, எங்களோடு புல் வெட்டுகிற சுயம்பு அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: “அவன் பணப்பையப் பாத்து வாங்குவான், நீ ஒன் தலையப் பாத்து வாங்கச் சொல்லுகே. ரெண்டும் ஒத்துவராதுட்டி.”

சந்தனப் பொட்டு

முதலில் கேமராதான் வந்தது. திருவனந்தபுரத்தில் தாணுவின் கூட்டாளி ஒருவன் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச்சொல்லிக் கொடுத்தது. நான் மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். தாணுவும் பக்தியில் குறைந்தவன் இல்லை. புது வண்டிக்குச் செய்கிற மாதிரி சூடம் காட்டி, மிஷினின் நெற்றியில் பெரிதாகச் சந்தனம் வைத்து, நடுவே குங்குமமும் வைத்தான். காலை முழுக்க எல்லாரும் அடித்தார்கள். ஒரு நம்பரும் வரவில்லை. தாணு அந்தக் கூட்டாளியைத் திட்டினான், கம்பெனியைத் திட்டினான். நான் மறுபடியும் அம்மனை வேண்டிக்கொண்டேன். இது திரும்பிப் போனால் வருவது ரேடார்.

பல் டாக்டர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நெற்றி என்று நாங்கள் நினைத்த கறுப்புக் கண்ணாடிக்குள்தான் கேமரா இருந்தது. துண்டை நனைத்துத் துடைத்தபடி சொன்னார்: “கண்ணுல சந்தனத்த அப்பிப்போட்டு பாரு பாருன்னா எந்தச் சாமி மக்கா பாக்கும்?”

குடை

துடைத்த பிறகு நம்பர் வந்தது. ஆனால் வெயில் ஏற ஏற அதற்குக் கண் கூசும் போல. ஒரு அடியைச் சொல்லும், அடுத்ததை விட்டுவிடும். தாணு முகம் சுருங்குவதைப் பார்த்து, நான் ஓடிப்போய் என் குடையை எடுத்துவந்து மிஷினுக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். மட்டை வீசுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் ஆபத்துதான். வயலில் நிற்பதற்கு இது மேல் என்று நின்றேன். கை மரத்துப்போயிற்று. அப்படியும் சரிவரவில்லை; தாணு மிஷினைத் திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்தான். காற்றாலை ஆபீசர் ஒருவர் தன் முறை போன எரிச்சலில் என்னைப் பார்த்துக் கேட்டார்: “குடையெல்லாம் பிடிச்சு எழுந்தருள வச்சாச்சு, எக்கா, மேளக்காரன எங்க காணல்ல?”

திரையில் வராதவள்

ரேடார் வந்தது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. வலை வயல் கடைசிக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. முன்பெல்லாம் மனிதர்கள் அடித்த பந்தின் பின்னால் கண்ணை ஓட்டுவார்கள். இப்போது அடித்த கையோடு, பக்கத்தில் நிறுத்தியிருக்கும் போன் திரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அடிப்பதற்கு முன்னும் அதையே பார்க்கிறார்கள். வயலை யாரும் பார்ப்பதில்லை. ஆடிக் காற்று வேறு. மட்டை படுகிற டக் என்ற சத்தம் அதில் எனக்குக் கேட்காது, பந்து மட்டும் வந்துவிடும்.

ஒரு நாள் என் காதோரம் விர்ரென்று ஒன்று போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து நடந்துபோய், அடித்த பையனிடம் நான் நின்றது தெரியவில்லையா என்று கேட்டேன். துபாயிலிருந்து லீவுக்கு வந்த பையன், மரியாதையானவன். திரையை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இல்லக்கா, நீங்க நின்னது இதுல காட்டல்லியே.”

ஹெல்மெட்

தாணு விசில் வாங்கிக் கொடுத்தான். அதன் சத்தத்தைக் காற்று கொண்டுபோயிற்று. சிவப்புக் கொடி நட்டான். அந்தக் கொடியைக் குறிவைத்து அடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் சுயம்பு அண்ணன் தன் பைக் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். உச்சி வெயிலில் அதைப் போட்டுக் குனிந்து பாருங்கள், தெரியும். வேர்வை கண்ணில் இறங்கி, பந்து எது, புல்லில் கிடக்கும் நத்தை எது என்றே தெரியாது.

ஹெல்மெட்டோடு வீட்டுக்கு வந்த என்னை வீட்டுக்காரர் படுத்தபடியே பார்த்து, “நாளைக்குப் போவாண்டாம்” என்றார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. மறுநாள் ஹெல்மெட்டோடு இறங்கினேன். பல் டாக்டர் மட்டையைச் சுழற்றியபடி தாணுவிடம் சொன்னது காற்றில் எனக்கே வந்து சேர்ந்தது: “எக்காதான் ஹெல்மெட் போட்டாச்சுல்லா, இனி நாம தைரியமா அடிக்கலாம்.”

உடைந்த வாளி

அந்த வாரமே பந்து என் கையிலிருந்த வாளியில் அடித்தது. பிளாஸ்டிக் வாளி பிளந்து, பொறுக்கியதெல்லாம் கொட்டியது. ஒரு சாண் மேலே வந்திருந்தால் வயிறு. கை தோள் வரை அதிர்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால்தான் மூச்சு வரும், கழற்றவும் பயம்.

தாணு ஓடிவந்தான். சுயம்பு அண்ணன் தண்ணீர் கொண்டுவந்தார். அடித்தவர் முன்பு மேளம் கேட்ட அதே ஆபீசர். அவரும் பாதி தூரம் வந்து, நான் நிற்பதைப் பார்த்ததும் திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தார். பிறகு தாணுவைக் கூப்பிட்டுக் கேட்டார்: “வாளியில பட்டதுனால அந்த அடிக்கு தூரம் கொறைச்சுக் காட்டுகு. இன்னொண்ணு அடிச்சுக்கிடட்டா?”

சார்ஜ் தீர்ந்த காலை

அதற்கடுத்த நாள் கரண்ட் இல்லை. மிஷினில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மட்டை இருந்தது, பந்து இருந்தது, காற்றுகூட அன்று கொஞ்சம் அடங்கியிருந்தது. இருந்தும் ஒருவரும் அடிக்கவில்லை. எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஹெல்மெட் இல்லாமல் வயலில் இறங்கி, வரப்போரம் வரை பொறுக்கிவிட்டு நிமிர்ந்து நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் திரும்பி வந்தபோது, சும்மா இருக்கிறதற்கு ரெண்டு அடி அடிக்கக்கூடாதா என்று சுயம்பு அண்ணன் துபாய்ப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் சொன்னான்: “நம்பர் வராம அடிச்சா, அது அடிச்ச கணக்குல வருமாண்ணே?”

துணை

மறுநாள் வாளி காலியானதும் நான் போய், பந்துக்குப் பின்னால் இருந்த மிஷினைக் கையில் எடுத்தேன். முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வயலில் இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. முதலில் அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். புரிந்ததும் தாணு வரப்பில் நின்று, “எக்கா, அத எங்க கொண்டு போறிய, திரும்ப நேரா வைக்கதுக்கு எவ்வளவு பாடு தெரியுமா?” என்றான். “துணைக்காக்கும் மக்கா. தனியா நிக்கதுக்குப் பயமா இருக்கு” என்றேன். பல் டாக்டர் மட்டையை ஊன்றி நின்று என்னையும் என் இடுப்பையும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “விடு தாணு, அவ வரட்டும். அது இல்லாம அடிக்கதுக்கு நமக்கென்ன கிறுக்கா?”

பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வாங்கிய மிஷின், நான் வயலில் நிற்கும் வரை ஒரு பந்தையும் எழும்ப விடாமல் என் இடுப்பில் இருக்கிறது.