ராமக்காள் கிணற்றில் கிடந்த மலை

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் அப்போதெல்லாம் சுருளியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஆலம்பாறை ஓடையைக் காப்பாற்றிய மனுசன் என்பார்கள். அதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போகும். அடக்கம் என்று நினைத்துக்கொள்வோம். எங்களுக்கு எதுதான் சரியாகப் புரிந்திருக்கிறது?

சுருளி மலைமாடு வைத்திருந்தவர். மாடுகளை மலையிலேயே கிடைபோட்டு மேய்ப்பவர்கள் கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது வழக்கம். பிறகு ஒரு மழை விழுந்தால் இளம்புல் தளதளவென்று கிளம்பும். அவருடைய அப்பா வைத்தார், இவரும் வைத்தார். எழுபத்தெட்டாம் வருடம் வைத்த தீ மட்டும் காற்றில் கைமீறி, ஓடை பிறக்கும் மேற்குச் சரிவு முழுவதையும் மொட்டையடித்துவிட்டது. அந்த வாரமே கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஓடை சாம்பலும் மண்ணுமாகக் கறுத்து வந்தது. அடிவாரத்தில் ராமக்காளின் கிணற்றைச் சேற்றால் நிரப்பிவிட்டுப் போனது.

ராமக்காள் தனியாளாக வெங்காயம் போட்டுப் பிழைத்தவள். அந்தக் கிணறுதான் அவளுக்குச் சோறு.

எங்கள் ஊரில் ஒரு கெடுதல் நடந்தால் காரணம் தேடி ரொம்ப தூரம் போக மாட்டார்கள். பக்கத்தில் எவளாவது ஒருத்தி இருப்பாள். ராமக்காள் தீட்டோடு ஓடைத் தலைக்கு விறகு பொறுக்கப் போனாள், கருப்பசாமி கோபித்துக்கொண்டார் என்று முடிவாயிற்று. "நான் போகலையே" என்று முதலில் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? கடைசியில் இருந்த ஒரே கிடாயைச் சாமிக்கு வெட்டி, ஆம்பளைகள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். சுருளி காலிலும் விழுந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறும் சாப்பிட்டார். எழுந்து போனால் சந்தேகப்படுவார்களே என்ற பயம்.

மழைதானே மண்ணைக் கொண்டுவந்தது, தீயா கொண்டுவந்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தையும் பாக்கியமேரி டீச்சர் கெடுத்தார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவர் அவர். ஓடை ஏன் இப்படிக் கலங்கி வருகிறது என்று பார்க்க மலையேறினார். வழிகாட்டச் சுருளியைக் கூட்டிக்கொண்டார். ஓடைக்கு இரண்டு கிளைகள். ஒன்று மரம் அடர்ந்த தெற்குப் பக்கத்திலிருந்து வருவது, இன்னொன்று எரிந்த மேற்குச் சரிவிலிருந்து வருவது. மழை பெய்த மறுநாள் இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பாறைமேல் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தெற்குத் தண்ணீரில் லேசாக ஒரு வண்டல். மேற்குத் தண்ணீரில் நாலு விரல் கனத்துக்குச் சேறு.

"ஒரே மழைதான் சுருளியண்ணே. புல்லு இருந்தா வேரு மண்ணைப் பிடிச்சுக்கிரும். எரிஞ்ச எடத்துல பிடிக்க என்ன இருக்கு?" என்றார் டீச்சர். "ஆமா, யாரு தீ வச்சது?"

"தெரியலையே டீச்சரம்மா."

அதற்கப்புறம் அந்த மனுசன் தீப்பெட்டியோடு மலையேறவில்லை. பீடியைக்கூட விட்டார். டீச்சர் சொன்னபடி சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினார், ஆனைக்கற்றாழை நட்டார், மற்ற மாட்டுக்காரர்கள் தீ வைக்கப் போனால் மல்லுக்கு நின்றார். மழை விட்டதும் இரண்டு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ராமக்காளின் கிணற்றில் அவரே இறங்கிக் கூலி வாங்காமல் மண் அள்ளினார். அவளோ கூடப்பிறந்த அண்ணனைப்போல அவரைக் கொண்டாடினாள். அதுதான் அவரை இன்னும் அரித்தது.

வருடங்கள் போயின. சரிவில் புல் மூடியது, மேற்குத் தண்ணீரும் தெளிந்தது. எண்பத்துநாலில் ராமக்காள் கிணறு மறுபடி ஊறியது. சாமி மன்னித்துவிட்டது என்று அவள் திரும்பவும் ஒரு கிடா வெட்டினாள். முதல் இலையைச் சுருளிக்குப் போட்டு, ஈரலை அவளே எடுத்து வைத்தாள்.

அவரால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

"தாயி, அன்னைக்கு மேக்க தீ வச்சது நாந்தான். ஒன் கெணத்த மூடுனது சாமி இல்ல."

ராமக்காள் கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை.

"நான் ஓடைத் தலைக்குப் போகவே இல்லண்ணே," என்றாள். "ஊரே சொல்லவும், நாள்கணக்கு நமக்குத்தான் தப்பிப்போச்சோ, போயிருப்பமோன்னு நானே நம்பிட்டேன். இத்தன வருசமா சாமி முன்னால நிமிந்து நிக்கல."

சுருளி அவள் காலைத் தொடக் குனிந்தார். அவள் விலகிக்கொண்டாள்.

"நான் ஒங்க கால்ல மட்டுமா விழுந்தேன்? எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

எழுந்தார். குழம்பு கேட்கத்தான் எழுந்தார் என்று நினைத்து, "சுருளியண்ணன் இலைக்குக் குழம்பு கொண்டாங்கப்பா" என்று யாரோ சத்தம் போட்டார்கள். நாங்கள் சிரித்தோம். அவர் சொல்லி முடித்தபோது, அன்று அவளைக் காலில் விழவைத்த அத்தனை பேரும் ராமக்காளின் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம்.