கண்ணாடித் தரையின் சூடு

கெம்னிட்ஸ் ஊர்ச் சலவைக்காரியின் மகள் ஹெட்விக் எந்தப் பள்ளியிலும் நாட்டியம் கற்கவில்லை. அம்மா துவைத்த விரிப்புகளைக் காற்றில் உதறி உதறித் திரண்ட தோள் அது. பாலே வாத்தியார்கள் இதெல்லாம் ஓர் ஆட்டமா என்று முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். காலில் செருப்பில்லை, இடுப்பில் கச்சில்லை. கைக்கழிகளில் கட்டிய பட்டுத்துணியைச் சுழற்றியபடி அவள் வந்தபோது லைப்சிக் நகரமே வாயைப் பிளந்தது.

அதில் பாதி வித்தை தம்பி ப்ரூனோவுடையது. மேடை நடுவில் பதித்த தடித்த கண்ணாடிக்கு அடியில், நிலவறையில் உட்கார்ந்து, கண்ணைப் பறிக்கும் மின்சாரக் கரிவிளக்கை எரிப்பவன் அவன்தான். வேறு விளக்கே இருக்காது. கண்ணாடி மேல் அவள் நின்றால் பட்டு தீயாகும், பூவாகும். தள்ளி நின்றால் வெறும் துணி. இன்னும் நாலு எட்டு முன்னால் போனால் மேடை முடிந்து, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம்.

வருடக்கணக்கில் அந்த வெளிச்சத்தைக் மேலிருந்து குனிந்து பார்த்தால் அவள் கண் என்ன ஆகும்? முதலில் எழுத்துகள் போயின. பிறகு முகங்கள் போயின. மேடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பால் வெள்ளை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரிந்தால் அன்றே விளக்கை அணைத்துவிடுவான். குருடாவதைவிட வெள்ளாவித் தொட்டிக்குத் திரும்புவதற்குத்தான் அவள் பயந்தாள்.

கண்ணாடியைக் கண்டுபிடிக்க அவளுக்கு வேறு வழி இருந்தது. வெந்து காய்த்துப்போன அவள் பாதத்துக்குப் பலகை எது, கண்ணாடி எது என்று தெரியாது. சூடு மட்டும் தெரியும். நேராக நடப்பாள். சுட்டால் நிற்பாள்.

அந்த நவம்பர் சனிக்கிழமை மாலை, ஒப்பனை அறையில் ப்ரூனோ தரையில் உட்கார்ந்து அவள் காலுக்கு வாத்துக்கொழுப்பு தடவினான்.

"கொப்புளத்து மேல கொப்புளம். அடுப்பு மேலயா ஆடுற?"

"உன் அடுப்புதானே. சூப் ஆறுது பாரு, குடி."

"டாக்டர்கிட்ட போலாம்னா கேக்க மாட்ட."

"அவரு ஆடாதேம்பாரு. பதிலுக்கு அவரு வந்து ஆடுவாரா?"

ப்ரூனோ சிரித்தான். "சரி, இன்னிக்கி உனக்காக ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். என்னன்னு கேக்காத. கால் வெச்சதும் தெரியும்."

அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மேடையில எதையாவது நகத்தினியா?"

"மேடைய நான் தொடவே இல்லக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. விளக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே, நிலவறையில், அகலமான கண்ணாடித் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். வெளிச்சம் மேலே போகும். சூடு தண்ணீரோடு நின்றுவிடும். அக்காவின் கால் இனி வேகாது.

மணி அடித்தது. ஆட்டம் நல்லபடி நடக்க, வழக்கப்படி அவன் அவளுடைய தோளுக்கு மேலாக மூன்று முறை துப்பினான். கண் விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாமா என்று அவள் வாயைத் திறந்தாள்.

"நன்றிடா," என்றாள்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அந்தத் துப்பலுக்கு மட்டும் நன்றி சொல்லவே கூடாது, சொன்னால் அபசகுனம். நாடகக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

"வெளிய போயிட்டு கதவத் தட்டிட்டு வாக்கா. கழிஞ்சிடும்."

"நேரமில்லடா. போய் விளக்கப் பாரு."

வயலின்கள் தொடங்கின. அவள் நடந்தாள். கால் சுடவில்லை. கண்ணாடி இன்னும் வரவில்லை போலும் என்று நடந்தாள்.

கீழே ப்ரூனோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பாதங்கள் கண்ணாடி மேல் வந்தன. நிற்காமல் கடந்து போயின. சுடாத தரையில் அக்கா சந்தோஷமாக நடக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

வயலின் மிகப் பக்கத்தில் கேட்டபோதுதான், தம்பி என்ன செய்து வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தூக்கிய கால் அதற்குள் விளிம்பைத் தாண்டியிருந்தது.

உடைந்த வாத்தியங்களுக்கு நடுவிலிருந்து அவன்தான் அவளைத் தூக்கி மடியில் சாய்த்தான். இடுப்புக்குக் கீழே அவள் அசையவில்லை.

"என்னக்கா ஆச்சு? கண்ணாடி சுட்டுச்சா?"

"சுடவே இல்லடா. நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு."

அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வதாக நினைத்து, அவன் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்த்துச் சொன்னாள். அவன் தன் கையை அவள் கண்ணுக்கு முன்னால் மெல்ல ஆட்டினான். இமை அசையவில்லை.