நான் காக்காத ரகசியம்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். பரமத்தி வேலூரில் என்னோடு குர்ஆன் ஓதப் பழகிய ஜைனபுக்கு நல்ல வரன் வந்தது. எனக்கு ஒன்றும் அமையாத பொறாமையில், அவளுக்கு வலிப்பு வருவதை மாப்பிள்ளையின் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை நம்பிச் சொன்னது அது. கல்யாணம் நின்றது.

தொழுகைதோறும் அழுது, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன். மனிதருக்குச் செய்த துரோகத்தை அந்த மனிதரும் மன்னிக்க வேண்டும் என்று மார்க்க அறிஞர் ஒருவர் பயானில் பேசக் கேட்ட பிறகே அவள் வீட்டுக்குப் போனேன். வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னைக்கே தெரியும். எங்க ஊட்டுக்கு வெளிய உனக்கு மட்டுந்தானே தெரியும்,” என்றாள்.

“என்னை மன்னிச்சிரு, ஜைனபு.”

“அல்லாவுக்காக மன்னிச்சுட்டேன். ஆனா இனி எங்கிட்ட மனசு உட்டுப் பேசச் சொல்லாதே.”

அல்லாஹ் என்னை மன்னிப்பான் என்று நம்புகிறேன். அவளை என் தோழி என்று சொல்லிக்கொள்ள மட்டும் இன்றுவரை எனக்கு நா எழவில்லை.