மடங்காத நாற்காலி

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, என் கையால் தொட்டுப் பார்த்தது. நம்ப முடியாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது வந்து இதை என்னிடம் சொல்லியிருந்தால், "எத்தனை கிளாஸ் போட்டீங்க?" என்றுதான் நானும் கேட்டிருப்பேன்.

அப்போது நான் போர்வெல் வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தேன். சுடுகாட்டை ஒட்டிய தோட்டம், ஆளில்லாத கல்லுக் கரடு என்று எங்கே துளை போட்டாலும் வண்டி மேலேயே படுத்துத் தூங்கிவிடுவேன். கூட இருப்பவன் பேய் என்று வாயைத் திறந்தால் அன்று முழுக்க அவனை ஓட்டித் தள்ளுவேன். 1981 ஐப்பசி மாதத்தோடு அந்தக் கிண்டலெல்லாம் போய்விட்டது.

எங்கள் ஊர் மோகனூர். என் மனைவி வசந்தாமணியின் அண்ணன் வீடு காவிரிக்கு அக்கரையில், வாங்கல் பக்கம். வசந்தாவுக்கு அப்போது ஏழாவது மாதம். அதற்கு முன்னால் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை அவளைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. "இந்தத் தடவை உடம்பு குலுங்கவே கூடாது, பஸ்ஸில் ஏற்றாதீர்கள்" என்று நாமக்கல் டாக்டரம்மா என்னை நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். அவளும் பிள்ளையும் முழுசாக எனக்குக் கிடைத்தால் போதும். அந்த மாதங்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வசந்தா அம்மா இல்லாத பெண். பால்குடி மறக்கும் முன்பே தாயைப் பறிகொடுத்தவள். அதனால் பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்தைத் தன் வீட்டில் வைத்துச் செய்ய வேண்டும் என்று அவள் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். அப்போது அந்த இடத்தில் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. பாலம் இருக்கும் பக்கத்து வேலூர் வழியாகச் சுற்றிப் போனால் குழியும் மேடுமான ரோடு. ஆறு குலுக்காது என்று காலையில் பரிசலில் கூட்டிப் போனேன். பரிசலில் குந்தி உட்கார்ந்ததில் வயிறு அழுந்தி அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. திரும்பும்போது இந்தப் பாடு கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

விசாரித்ததில் சென்னியப்பன் என்று ஒரு மீன்காரரைக் காட்டினார்கள். வலை வீசுவதற்கு மரப்படகு வைத்திருந்தார். அதில் இரண்டு இரும்பு மடக்கு நாற்காலிகள் கிடந்தன. வெள்ளை வேட்டிக்காரர்கள் அக்கரை போக வந்தால் மீன் செதிலில் உட்கார மாட்டார்கள் அல்லவா, அவர்களுக்காகப் பந்தல் கடையில் பழசாக வாங்கிப் போட்டதாம். நாற்காலி நகராமலிருக்க அதன் பின்கால்களைப் படகின் குறுக்குக் கட்டையோடு கயிற்றால் கட்டியிருந்தார்.

விருந்து முடிந்து, உறவுக்காரர்கள் எல்லோரும் அவளுக்குத் திருநீறு பூசிவிட்டுக் கிளம்புவதற்குள் பொழுது விழுந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் பூவும் வளையலுமாகப் பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைத் தாண்டுவதா என்று அண்ணன் மனைவி முணுமுணுத்தார். ஒரு வேப்பிலைக் கொத்தை என் கையில் திணித்தார். நான் சிரித்துக்கொண்டே அதைச் சாப்பாட்டுக் கூடையில் போட்டேன்.

படகில் ஏறும்போது சென்னியப்பன் ஒரு பேச்சுச் சொன்னார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணுங்க. ஆளு உக்காராத சேரை விரிச்சு வெக்காதீங்க. மடக்கிப் படுக்கப் போட்ருங்க."

"ஏனுங்க, காத்துக்குங்களா?"

"அப்படித்தான்னு வெச்சுக்குங்க."

முதல் நாற்காலியில் வசந்தாவை உட்கார வைத்தேன். எதிர் நாற்காலியை விரித்து நான் உட்கார்ந்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "நீங்க முன்னால பலகைக்குப் போயிருங்க சாமி" என்றார் சென்னியப்பன். நான் எழுந்து நாற்காலியை மடக்கக் குனிந்தேன்.

"மடக்காதீங்க மாமா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. சித்த நீட்டிக்கறேன்."

அவள் கால்களைத் தூக்கி அந்த நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். மீன்காரர் சொன்னதையும் மீறவில்லை, அவளுக்கும் சுகம் என்று நினைத்தேன். முன் பலகையில் போய் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் காலி நாற்காலியின் முதுகு. அதற்கு எதிரே வசந்தா. கடைசியில் கழியோடு சென்னியப்பன்.

என் கைக்கடிகாரத்தில் ஆறே முக்கால். இருட்டிவிட்டது. தண்ணீர் சத்தமும், கழி மணலில் குத்தும் சத்தமும்தான். சரக்... சரக்... மோகனூர்க் கரையில் இரண்டு மூன்று விளக்குகள் தெரிந்தன. பாறை ஏதாவது தட்டுப்படுகிறதா என்று டார்ச்சை அடித்துக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் படகில் இருந்த மீன் நாற்றம் குறைந்தது. ஊதுவத்தி வாசனை வந்தது. விருந்து வீட்டிலிருந்து அவள் சேலையோடு வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பின்னால் வளையல் குலுங்கியது. திரும்பிப் பார்த்தேன். வசந்தா கால்களை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு, பெரியவர்கள் எதிரே உட்காருவது போல நேராக உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்புள்ள, கால் வலி போயிருச்சா?"

"போதுங்க" என்றாள் மெதுவாக.

நான் மறுபடி முன்னால் திரும்பினேன்.

கிரீச்...

மடக்கு நாற்காலியில் ஆள் சாய்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

படகின் முன்பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் விளிம்புக்கு நெருங்கி வந்து என் முழங்கையை நனைத்தது.

"சாமி..." சென்னியப்பன் குரல். "எடம் மாறி உக்காந்தீங்களா?"

"இல்லீங்க. பலகையிலதான் இருக்கேன்."

கழிச் சத்தம் நின்றது.

"ஏழு மாசமாச்சுங்க" என்றாள் வசந்தா.

"யாருகிட்டப் புள்ள பேசறே?"

வளையல் மறுபடி குலுங்கியது.

"சாமி." சென்னியப்பன் கூப்பிட்டார். "அந்தச் சேரு விரிச்சிருக்குதுங்களா?"

"ஆமாங்க..."

"அம்மிணி காலு அதுமேல இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"மடக்குங்க. வெரசா மடக்குங்க!"

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு திரும்பினேன். நாற்காலியில் யாருமில்லை. வெறும் இரும்பு. உட்காரும் தகட்டுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன்.

வரவில்லை.

துருவாக இருக்கும் என்று நினைத்தேன். டார்ச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டு இழுத்தேன். போர்வெல் குழாயைத் தோளில் தூக்கியவன் நான்.

அசையவில்லை.

துருப்பிடித்த இரும்பு வேறு மாதிரி முரண்டு பிடிக்கும். இது அது இல்லை. ஆள் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியை மடக்கப் பார்த்தால் எப்படி இருக்குமோ... அப்படி இருந்தது.

என் புறங்கையில் ஏதோ உரசியது.

சேலைத் துணி.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். டார்ச் வாயிலிருந்து விழுந்து அணைந்தது.

"வசந்தா!"

"எதுக்குங்க கத்தறீங்க?" அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அவள் எழுந்து பயந்து ஓடினால் படகு கவிழும். ஆற்றில் இடுப்புக்கு மேல் தண்ணீர். வயிற்றில் ஏழு மாதம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"உடுங்க சாமி" என்றார் சென்னியப்பன். "தொடாதீங்க. பாறை வரட்டும். எறங்கிக்கும்."

ஆற்றின் நடுவில் யானை படுத்தது போல ஒரு பாறை. அதன் பக்கத்தில் படகை நிறுத்திக் கழியை ஊன்றிப் பிடித்தார். ஏதோ வேண்டிக்கொள்வது கேட்டது.

காத்திருந்தோம்.

படகின் முன்பக்கம் எழவில்லை.

கிரீச்... கிரீச்...

"எறங்கலீங்களே..." என்றார். அழுகிற குரல்.

பிறகு அவர் கழி போட்ட வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கரை வந்ததும் அவர் குதித்துக் கயிற்றைப் பிடித்தார். நான் வசந்தாவைத் தூக்கி இறக்கத் திரும்பினேன்.

பாரம் இறங்கினது போலப் படகு எழுந்தது. ஒரு தடவை.

உடனே, இன்னொரு தடவை.

நான் இன்னும் படகில்தான் இருந்தேன். வசந்தா கரையில் நின்றுகொண்டிருந்தாள். பாதம்கூட நனையவில்லை.

அந்த நாற்காலியை விரலால் தொட்டேன். டக்கென்று மடங்கியது.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் கொடுக்கும் வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"மீன்காரர் ஊட்டு அம்மாளுங்களா அது? பாவமுங்க, பல்லு வலியாட்டம் இருக்குது. தாடையச் சுத்தி வெள்ளைத் துணி கட்டியிருந்தாங்க. வாயத் தொறக்காமயே பேசுனாங்க."

"அப்புறம்?" என்றேன்.

"எத்தனை மாசம்னு கேட்டாங்க. எறங்கறப்ப அவங்கதான் கையப் புடிச்சு உட்டாங்க. கை சில்லுன்னு இருந்துச்சு. கரையேற முடியலைங்க அவங்களுக்கு. ரெண்டு காலையும் ஒண்ணாச் சேத்து வெச்சு, தத்தித் தத்தித்தான் வந்தாங்க."

தாடையில் துணி. கால் இரண்டும் சேர்ந்து. யாருக்குத் தாடையையும் கால் கட்டைவிரல்களையும் அப்படிக் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வசந்தாவுக்கு அது தோன்றவில்லை. நான் சொல்லவில்லை. அன்று விடியும் வரை கதவைப் பார்த்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஆற்றுக்குப் போனேன். சென்னியப்பன் அக்கரைக்குத் திரும்பிப் போகவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலிகளையும் மடக்கிக் கயிற்றால் இறுகக் கட்டி வைத்திருந்தார்.

"போன வருசம் ஆவணியிலங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கரூரு ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பொம்பளையக் கொண்டாந்தாங்க. ஒடம்புக்கு ஆகலே, படுக்க முடியாது, சேர்ல உக்கார வெச்சு மோகனூர் கூட்டிட்டுப் போறோம்னாங்க. போர்வையப் போத்தியிருந்தாங்க. பாறைகிட்ட வாரப்பக் காத்துல போர்வை வெலகிருச்சு..."

"தாடையில கட்டு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாங்க. வலை போடற படகுல பொணம் ஏத்த மாட்டமுங்க. கேட்டா ஒத்துக்க மாட்டேன்னு உசுரோட இருக்கறாப்புல உக்கார வெச்சிட்டாங்க. நான் பாறைகிட்டயே திருப்பிட்டேன். வாங்கல்லயே அடக்கம் பண்ணிட்டாங்க."

"இங்க யாருகிட்ட வந்தாங்க?"

"மககிட்டீங்க. அந்தப் புள்ளைக்கு ஏழு மாசம். பேறுகாலத்துக்குக் கூட இருக்கோணும்னு பொறப்பட்டவங்க, வழியிலயே நெஞ்சு வலி வந்து போயிட்டாங்களாமா. மக மொகத்தக்கூடப் பாக்கலீங்க."

"அந்தப் பொண்ணு?"

"அதுக்குப் பொறந்தது தங்கலீங்க. ஊரை உட்டே போயிருச்சு."

"அந்தச் சேரை இன்னும் எதுக்குங்க வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"அதை அன்னிக்கே ஆத்துல வீசிட்டனுங்க. இது வேற சேரு. எந்தச் சேரா இருந்தாலும் விரிச்சு வெச்சா வந்து உக்காந்துக்குதுங்க. பாறைகிட்ட எறங்கிக்கும். ஒரு நாளும் கரைக்கு வந்ததில்லீங்க." அவர் கட்டி வைத்த நாற்காலிகளைப் பார்த்தார். "நேத்துதான்..."

நான் வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் வீட்டில் மடக்கு நாற்காலி கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்தும் ஒன்றும் வாங்கி வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வேலைக்குப் போகவில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன். கிண்டல் செய்த நானே வேப்பிலையை அவள் தலைமாட்டில் செருகி வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மார்கழி பிறந்தபோது பயம் கொஞ்சம் விட்டிருந்தது.

மாதக் கடைசியில் நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நல்ல வெயில் நேரம். பிரசவ அறைக்கு வெளியே நானும் அவள் அண்ணனும் நின்றிருந்தோம். உள்ளே குழந்தை அழுதது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸம்மா வெளியே வந்தார்.

"பொம்பளைப் புள்ளைங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா உங்க மாமியாரைச் சித்த வெளிய கூப்புடுங்க."

"யாரைங்க?"

"வராந்தாவுல இருந்த மடக்குச் சேரைத் தூக்கிட்டு வந்து, வலி எடுத்ததுல இருந்து கட்டில் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. பல்லு வலி வேறயாட்டம் இருக்குது, தாடையக் கட்டிக்கிட்டு... எத்தனை சொன்னாலும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க."

நான் உள்ளே போனேன்.

வசந்தா கண் அயர்ந்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய என் மகள். மருந்து வாசனை இல்லை. ஊதுவத்தி வாசனை.

கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி விரித்துக் கிடந்தது. குழந்தையைப் பார்த்தபடி. யாருமில்லை.

சத்தம் வராமல் நடந்தேன். குனிந்து தகட்டுக்கு அடியில் கையைக் கொடுத்தேன்.

தூக்கினேன்.

மடங்கவில்லை.