ரொஷேல் மிஸ்ஸின் நீலப் பொடி

ஒருகொடவத்தைக் களஞ்சியசாலையில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த கொட்டாஞ்சேனை ரொஷேல், வேலையை விட்டுவிட்டு வெள்ளவத்தையில் இரசாயனவியல் ரியூஷன் தொடங்கினாள். "உனக்கென்ன பைத்தியமோ?" என்று அம்மா பிறிஜெற் தலையில் அடித்துக்கொண்டார். என்ன செய்ய, கெமிஸ்ற்றி என்றால் அவளுக்கு உயிர்! பெயர்போன மாஸ்டர்மார் கொடிகட்டிப் பறக்கிற இடத்தில் இவளை யார் தேடி வரப்போகிறார்கள்? அதனால்தான் முதல் வகுப்பை இலவசமாக வைத்தாள். வந்த பிள்ளைகள் அடுத்த சனியும் வராவிட்டால் வாடகைக்கு எடுத்த ஹோல் இனி ஒரு கணக்கியல் மாஸ்டருக்குத்தான் என்று அதன் உரிமையாளர் இஸ்ஸதீன் நானா சொல்லியும் விட்டார்.

பிள்ளைகளை மயக்க ஒரு வித்தை வைத்திருந்தாள். வகுப்புக்கு முதல்நாள் மாலை நீலநிறக் கொப்பர் சல்பேற்றை ஹோலிலேயே சூடாக்கினாள். அதிலிருந்த தண்ணீர் பறந்து பொடி வெள்ளை வெளேரென்று ஆனது. காலையில் ஒரு துளி தண்ணீர் விட்டால் மறுபடி நீலமாகும். ஆற வைக்கத் தட்டை ஜன்னலோரம் வைத்தவள், மூட மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே கடல்.

சனி காலை, "இந்த வெள்ளைப் பொடியைப் பாருங்கோ!" என்று தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"மிஸ், அது நீலமெல்லோ!" என்றான் முன்வரிசை மிதுஷன். ஹோலே கொல்லென்று சிரித்தது.

ரொஷேலுக்கு அழுகை முட்டியது. போச்சு, எல்லாம் போச்சு! தட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"நேற்று இதைச் சூடாக்கி வெள்ளையாக்கி வைச்சனான். தண்ணி பட்டாத்தான் நீலமாகும், நான் ஒரு சொட்டும் விடேல்ல. அப்ப ராவோட ராவா இதுக்குத் தண்ணி குடுத்தது ஆர்?"

"கடல் காத்து, மிஸ்!" என்று கத்தினாள் றுஷ்னா.

"ஓம், கள்ளப் பொடி குடிச்சிட்டுது! குடிச்ச தண்ணியைப் பேரிலயும் சொல்லவேணும். முதல்ல உப்பின்ர பேர், பிறகு எத்தினை தண்ணி, கடைசியா ஹைட்ரேற். இது வயிறு நிறையக் குடிச்சா அஞ்சு. அஞ்சுக்கு பென்ரா. எங்க, பேர் வையுங்கோ பாப்பம்!"

"கொப்பர் சல்பேற் பென்ராஹைட்ரேற்!"

"மக்னீசியம் சல்பேற்றுக்கு ஏழு. ஏழுக்கு ஹெப்டா."

"மக்னீசியம் சல்பேற் ஹெப்டாஹைட்ரேற்!"

போட்ட சத்தத்தில் இஸ்ஸதீன் நானா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

வகுப்பு முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை. "அடுத்த சனி எதை மிஸ் காத்தில வைப்பம்?" என்றான் மிதுஷன். "என்ர பிரெண்ட்ஸையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"இனி இருக்கிற கதிரை காணாது போல இருக்கே, மிஸ்," என்ற நானா, ஹோலைப் பூட்டுவதற்காக ஜன்னலைச் சாத்தப் போனார்.

"ஐயோ நானா, அதைச் சாத்தாதீங்கோ!" என்று ரொஷேல் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.